இழுவண்டியில் ஒரு கேன் ஈஸ்ட்

ஹெத்விகா உட்கார்ந்து சாப்பிட்டதை லிஷ்னா ஊரில் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணத்தன்றுகூட சூப்புக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றுதான் குடித்தாள் என்று அவள் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷம் கிளை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். இரண்டே பெட்டி, ஒன்பதே நிலையம். மற்ற பரிசோதகர்கள் ஒரு நடை நடந்துவிட்டுக் காலி இருக்கையில் சாய்ந்துவிடுவார்கள். இவள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பாள். பெட்டியில் ஒரே ஒரு கிழவர் இருந்தாலும் அவரிடம் இரண்டு தரம் டிக்கெட் கேட்பாள்.

அந்த ரயில் பாதையை மூடியபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சும்மா இரு என்றால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், கூடவே தனக்கும் பிடிக்கும் என்று அவள் கணவன் செனெக்குக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவன். பேச்சுக் குறைவு. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஊரின் பழைய தீயணைப்புக் கொட்டகை காலியாக இருக்கிறது, அதில் பீர் காய்ச்சலாமா என்று கேட்டான். அந்த வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

காய்ச்சுவது அவன் பொறுப்பு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பது அவள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். நெருப்பு அவனுக்குப் பழகிய சங்கதி. கொட்டகைக்குப் பின்னால் இருந்த குளிர்ந்த தொட்டியறைக்கு அவள் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நாலு வருஷம் நன்றாகவே போயிற்று. லிஷ்னா பீர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். இந்த ஈஸ்டருக்கு ஒரு பழைய அரவை இயந்திரம் மலிவாகக் கிடைத்ததும், மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியை அரைத்ததாக வாங்குவதை நிறுத்திவிட்டு, பீர் புளிக்கிற நாட்களில் சும்மா நிற்க மாட்டாமல் அடுத்த முறைக்கு வேண்டிய மால்ட்டைத் தானே அரைக்க ஆரம்பித்தாள்.

ஜூனில் காய்ச்சியது புளித்துக் கெட்டுப்போனது. ஜூலையில் காய்ச்சியதும் புளித்துப்போனது. பீர் புளிப்பதென்றால் கொஞ்ச நஞ்சமல்ல; வாயில் வைத்தால் ஊறுகாய்த் தண்ணீர். இரண்டு தடவையும் மொத்தத்தையும் வாய்க்காலில் திறந்துவிட்டார்கள்.

"குழாய்தான்" என்றாள் ஹெத்விகா. "நீ ஒழுங்கா கழுவலை, செனெக்."

இந்தக் குழாய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். போன வருஷம், ஊர் ஊராகச் சைக்கிளில் போய் பீர் குடிக்கிற சைக்கிள் சனிக்கிழமையன்று, க்ராஸ்னா ஊரில் ரதோவன் என்பவனின் பட்டறையில் காய்ச்சிய பீரை நாற்பது பேர் முன்னால் ஒரு வாய் குடித்துவிட்டு, "நிலவறையில ஈரச் சாக்கை நக்கின மாதிரி இருக்கு" என்று சொன்னவள் இவள்தான். நாற்பது பேரும் சிரித்தார்கள். ரதோவன் சிரிக்கவில்லை. அவன் குழாய்களையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டினான் என்றும், ஒரு குழாய்க்குள் கறுப்பாகப் பாசி இருந்ததென்றும் பிறகு பேச்சு வந்தது. அதற்கப்புறம் அவன் ஹெத்விகாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஆனால் அவள் மனதில் ஒன்று பதிந்துவிட்டது: பீர் கெட்டால் குழாய்.

செனெக் மறுத்துப் பேசவில்லை. காஸ்டிக் சோடா கரைசலை வாளி வாளியாக ஊற்றிக் குழாய்களைக் கழுவினான். மறுபடி கழுவினான். கையுறை போட்டால் உள்ளே வழுவழுப்பு இருப்பது விரலுக்குத் தெரியாதென்று வெறுங்கையாலேயே செய்தான். விரல் முட்டிகளெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்துகிடந்தன. ஆகஸ்டில் ஒரு நாள் அவனே சொன்னான்: "இன்னும் ஒரு தடவை. அக்டோபர் ஊர்த்திருவிழாவுக்கு. அதுவும் புளிச்சா அண்டாவை வித்துட்டு நான் மரமில்லுக்குப் போயிடுறேன்." அவ்வளவுதான்.

திருவிழாவுக்குச் சரியாக ஆறு வாரம் இருக்கும்போது செப்டம்பர் முதல் சனிக்கிழமை வந்தது. அந்த பீர் பக்குவமாக ஆறு வாரம் வேண்டும். ஆகவே அன்றைக்கே காய்ச்சி, அன்றைக்கே ஈஸ்ட் சேர்த்தாக வேண்டும். பாழாய்ப்போன அந்தச் சனிக்கிழமைதான் சைக்கிள் சனிக்கிழமையும். மூன்று ஊர், மூன்று பட்டறை, இருபத்துநாலு கிலோமீட்டர், அவசரமே இல்லாமல் நாள் முழுவதும் ஓட்டலாம். அவசரப்படுகிறவனைப் பார்த்தால் ஊரே கேலி செய்யும்.

துப்ராவா ஊர்ப் பட்டறைக்காரர் வெந்தெலின் அன்று காலை தன் தொட்டியிலிருந்து ஈஸ்ட் எடுக்கிறார், ஒரு கேன் தருகிறேன் என்றிருந்தார். ஹெத்விகாவின் வேன் கியர்பாக்ஸ் போய் வசந்தத்திலிருந்தே நின்றுகொண்டிருந்தது. பதினைந்து லிட்டர் பால் கேனை அவள் சைக்கிளில் கட்டவும் வழியில்லை. குழாய்வேலை செய்து ஓய்வுபெற்ற லூமிரின் சைக்கிளுக்குப் பின்னால்தான் நாயை ஏற்றிப் போக ஓர் இழுவண்டி உண்டு. நாய் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது, வண்டி இருந்தது. லூமிர் நூற்றுப்பத்து கிலோ. அவன் ஓட்டினால் பக்கத்தில் நடந்து வருகிறவர்கள் முந்திக்கொள்வார்கள்.

"உன் ஈஸ்ட் மகாராணி மாதிரி வரும், கவலைப்படாத" என்றான் லூமிர்.

"மகாராணி மெதுவா வந்தா செத்துடுவா. சாயங்காலம் நாலு மணிக்குள்ள தொட்டியில இருக்கணும்" என்றாள் ஹெத்விகா.

"நாலு மணியா! நான் மூணாவது சூப்பு குடிச்சுட்டிருப்பேனே" என்றாள் கூட வந்த மிலுஷே. ஊரின் தபால்காரி அவள். வேலை நாளில் பத்து ஊர் சைக்கிள் மிதிப்பவள், விடுமுறை நாளில் வேகமாக மிதிக்கவே மாட்டேன் என்பாள்.

எங்கள் பக்கத்தில் ஈஸ்டுக்கு விலை கிடையாது. விற்றால் கைராசி போய்விடும். கேட்பவர் தானே நேரில் வர வேண்டும், கொடுப்பவர் எதிரே உட்கார்ந்து ஒரு பீர் குடிக்க வேண்டும், அதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாதியில் எழுந்தால் அவர் முகத்தில் கரி பூசியதற்குச் சமம். வெந்தெலின் எதிரே ஹெத்விகா உட்கார்ந்தாள். மேஜைக்கடியில் அவள் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மூன்று பேர் கோப்பையும் தளும்பியது.

"என்னம்மா, பூகம்பமா?" என்றார் வெந்தெலின்.

"இல்லைங்க. கால் தானா ஆடுது."

"அதுக்கும் ஒரு கோப்பை ஊத்தவா?"

ஒருவழியாகக் கோப்பை காலியானது. வெந்தெலின் கேனைக் கொண்டுவந்து வைத்தார். சாம்பல் வெண்மையில் கெட்டித் தயிர் போல ஈஸ்ட். சுற்றிலும் பனிக்கட்டிப் பைகளை அடுக்கியபடி, "மூடியை இறுக்கிடாதீங்க. சும்மா மேல வெச்சாப் போதும். இது மூச்சு விடும்" என்றார். ஹெத்விகா தலையாட்டினாள். லூமிர் அப்போது வாசலில் இழுவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மணி பத்தாகிவிட்டதே என்பதுதான் அவள் மண்டைக்குள் ஓடியது.

அதற்கப்புறம் நடந்ததைப் பயணம் என்று சொல்வதா, சித்திரவதை என்று சொல்வதா என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. வயல் பாதையில் வெயில் இதமாக அடித்தது. அறுவடை முடிந்த நிலத்தில் காகங்கள் உலாவின. லூமிர் வயிற்றைக் கைப்பிடிக்கு மேலே வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி மிதித்தான். ஹெத்விகா ஐந்நூறு மீட்டர் முன்னால் போவாள், நிற்பாள், திரும்பி வருவாள், பனிக்கட்டியைத் தொட்டுப் பார்ப்பாள், மறுபடி முன்னால் போவாள். அன்றைக்கு மற்றவர்கள் இருபத்துநாலு கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்றால் அவள் ஐம்பது ஓட்டியிருப்பாள்.

பைன் காட்டுக்குள் நுழைந்ததும் லூமிர் சைக்கிளை நிறுத்திவிட்டான்.

"என்ன ஆச்சு?"

"காளான்" என்றான் லூமிர், கோயிலில் பேசுகிற குரலில்.

"லூமிர், கெஞ்சிக் கேக்கறேன்."

"அங்க பார், அந்த வேர்கிட்ட. உள்ளங்கை அகலம். இதை விட்டுட்டுப் போனா பின்னாடி வர்றவன் பறிச்சுடுவான். ராத்திரி எனக்குத் தூக்கம் வருமா?"

மிலுஷேயும் இறங்கிவிட்டாள். செப்டம்பரில் எங்கள் ஆட்களைக் காளானிடமிருந்து பிரிக்க ராணுவம் வந்தாலும் முடியாது. ஹெத்விகா பல்லைக் கடித்துக்கொண்டு இழுவண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு, சீக்கிரம் முடியட்டும் என்று அவளும் குனிந்து பறிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த லூமிர், "அப்படி வா வழிக்கு" என்று இன்னும் உள்ளே போனான். அரை மணி நேரம் போயிற்று.

காட்டைத் தாண்டினால் இருநூறு மீட்டர் தார்ச்சாலை. அங்கே போலீஸ் நிற்கும். குடித்தவன் சைக்கிள் ஓட்டினால் அபராதம், தள்ளிக்கொண்டு நடந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே அந்த இருநூறு மீட்டரும் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு, சவ ஊர்வலம் போல வரிசையாக நடப்பது வழக்கம். நிழலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைத் தொட்டார்.

"யாரைப் புதைக்கப் போறீங்க?"

"என்னோட பொறுமையை" என்றாள் ஹெத்விகா.

நடந்தபடியே செனெக்குக்குப் போன் செய்தாள்.

"கொதிக்குதா?"

"கொதிக்குது."

"கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"குழாய்?"

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "கழுவியாச்சு. மூணு தடவை. மூணு மணிக்கு ஆறிடும்" என்றான் செனெக். அவளுக்குத் தன் கேள்வி தனக்கே ஒரு மாதிரி உறைத்தது. ஆனால் அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை என்று போனைப் பைக்குள் போட்டாள்.

பெஷ்தின் பட்டறைக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. முற்றத்தில் நீள மேஜைகள், குடைகள், சைக்கிள் ஹெல்மெட் தரித்த கூட்டம். மாட்டிறைச்சியும் க்ரீம் குழம்பும் மாவுருண்டையும் வாங்கிக்கொண்டு லூமிர் சம்மணமிடாத குறையாக உட்கார்ந்தான். ஹெத்விகா வாங்கிய மாவுருண்டையைக் கையிலேயே பிய்த்துத் தின்றபடி கழிப்பறை வரிசையில் போய் நின்றாள்.

அவள் வரிசையில் நின்ற நேரத்தில்தான் லூமிர் இழுவண்டியைப் பார்த்தான். கேனின் மூடியோரம் ஈஸ்ட் நுரைத்து வழிந்து, பனிக்கட்டிப் பையின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருஷம் குழாய்வேலை செய்த மனிதன். ஒழுகுவதைக் கண்டால் அவனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அடுத்தவர் வீட்டு விருந்துக்குப் போனால்கூடச் சாப்பாட்டுக்கு முன் குழாயைத்தான் முடுக்குவான். ஐயோ பாவம், அவளுடைய ஈஸ்ட் வீணாகிறதே என்று எழுந்து போய், மூடியை அழுத்தி, கம்பிக் கொக்கியை இழுத்து மாட்டி, அதற்கு மேல் தன் ரப்பர்ப் பட்டையையும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் இன்னொரு பீர் சொன்னான்.

அதற்குள் வெயில் குடையைத் தாண்டி வண்டி மேல் வந்துவிட்டது. பனிக்கட்டி தண்ணீராகிவிட்டது. ஹெத்விகா திரும்பி வந்து மேஜையை நெருங்குகிற நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். மூடி குடையைக் கிழித்துக்கொண்டு மேலே போய், கூரை ஓட்டில் விழுந்து உருண்டது. பக்கத்து மேஜையில் இருந்த நாலு சைக்கிள்காரர்கள் தலையிலிருந்து தோள் வரை வெள்ளையாகி, கையில் கோப்பையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு குட்டை நாய் செங்கல் தரையை ஆனந்தமாக நக்கியது.

லூமிர் எழுந்து நின்றான். முகம் வெளிறிவிட்டது.

"ஒழுகிச்சு, ஹெத்விகா" என்றான். "ஒழுகிட்டிருந்துச்சு. அதான் மூடினேன்."

திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள். அவள் வாய் ஊரறிந்தது, முற்றமே காத்திருந்தது. ஆனால் வெந்தெலின் சொன்னதை இவனிடம் சொல்லாமல் விட்டது யார்? தானே என்று அவளுக்குத் தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு கேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் இரண்டு விரற்கடை இருந்தது. அதை வைத்து ஒரு வாளி பீர் புளிக்கவைக்கலாம். வீட்டில் ஆறிக்கொண்டிருந்தது ஆயிரம் லிட்டர்.

மிலுஷே வெந்தெலினுக்குப் போன் போட்டாள். மீதி ஈஸ்ட் முழுவதையும் அவர் காலையிலேயே தன் தொட்டியில் ஊற்றிவிட்டிருந்தார். பெஷ்தின்காரர்கள் வைத்திருந்தது கோதுமை பீருக்கான வேறு ரகம். பொட்டல ஈஸ்ட் நகரத்திலிருந்து வர மூன்று நாள். காய்ச்சி இறக்கிய இனிப்பு மால்ட் சாறு ஈஸ்ட் இல்லாமல் ஒரு ராத்திரி கிடந்தாலே காற்றில் இருக்கிற அத்தனை கிருமியும் அதில் குடிவந்துவிடும்.

"ரதோவன் கிட்ட இருக்கும்" என்றாள் மிலுஷே மெல்ல. "அவனும் சனிக்கிழமைதான் எடுப்பான். அதே ரகம்."

"அவன் குடுக்க மாட்டான்."

"கேட்டாத்தானே தெரியும்."

"நான் அவன் பீரைச் சாக்குன்னு சொன்னேன், மிலுஷே."

"ஈரச் சாக்குன்னு சொன்ன. நாங்க எல்லாரும் கேட்டோமே."

க்ராஸ்னா அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அந்த ஊரைத் தொடாமல் காட்டுப் பாதையில் சுற்றிப் போவதாகத்தான் ஹெத்விகா திட்டம் போட்டிருந்தாள். இப்போது அவள் மட்டும் முன்னால் போனாள். லூமிர் கேனைக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக மிதித்தது அன்றுதான்.

ரதோவன் கொட்டகை வாசலில் நின்று பீப்பாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான, நிதானமான மனிதன். எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் ஒரு தரம் பேசுவான். சைக்கிளைப் போட்ட வேகத்தில் ஹெத்விகா சொன்னாள்:

"எனக்கு ஈஸ்ட் வேணும். இன்னைக்கே. ஒரு கேன்."

அவன் துணியைப் பிழிந்து கொடியில் போட்டான். "உக்காரு" என்றான்.

மணி ஒன்று நாற்பது. ஹெத்விகா உட்கார்ந்தாள். அவன் பீர்க்குழாயைத் திறந்தான். முதலில் கோப்பை நிறைய நுரை. நுரை அடங்கும் வரை காத்திருந்தான். பிறகு கொஞ்சம் ஊற்றினான். மறுபடி காத்திருந்தான். ஜன்னல் கண்ணாடியில் ஓர் ஈ மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்தது; ஹெத்விகாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தொடைகளுக்கு அடியில் இரு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசியில் கோப்பை அவள் முன்னால் வந்தது. அவனும் ஒன்று எடுத்துக்கொண்டு எதிரே அமர்ந்தான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சொல்லு."

"ஈரச் சாக்கு இல்லை" என்றாள்.

"அப்புறம்?"

"நல்லா இருக்கு." இன்னொரு வாய் குடித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. அதுதானே அவளுடைய வினையே. "என்னோடதைவிட நல்லா இருக்கு. போதுமா?"

"நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்றான் ரதோவன். "குழாய் அழுகியிருந்துச்சு. நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா நாப்பது பேர் முன்னாடி சொன்ன. என் பொண்ணும் அங்கதான் நின்னுட்டிருந்தா."

இந்த இடத்தில் ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று அவள் நாக்கு தேடியது.

"தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்" என்றாள். "தப்புதான், ரதோவன். வாய்க்கொழுப்பு. மன்னிச்சுக்கோ."

அவன் தலையாட்டினான். அது மன்னித்ததற்கா, கேட்டுக்கொண்டதற்கா என்று தெரியவில்லை. கோப்பையில் இன்னும் பாதி இருந்தது.

"ரெண்டு தடவை காய்ச்சினதும் புளிச்சுக் கெட்டுடுச்சாமே?"

"குழாய்தான். செனெக் சரியா கழுவலை."

"செனெக்கா?" ரதோவன் புருவத்தைத் தூக்கினான். "பள்ளிக்கூடக் கொதிகலனுக்குள்ள தலையை விட்டுத் துடைக்கிறவன் அவன். சரி, புளிக்கிறப்ப தொட்டி மூடியை எத்தனை தரம் திறப்ப?"

"எதுக்கு?"

"கேக்கறேன்."

"எப்பவாவது. நுரை வந்துச்சான்னு பாக்க வேணாமா?"

"ஒரு நாளைக்கு எத்தனை தரம்?"

அவள் ஈயைப் பார்த்தாள். "மணிக்கு ஒரு தரம் இருக்கும். ஏணியில ஏறி எட்டிப் பாத்துட்டு மூடிடுவேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"நாலு வருஷமா அப்படித்தானா?"

"ஆமா. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே!"

"இந்த வருஷம் என்ன புதுசு?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். அரவை இயந்திரம். ஈஸ்டரிலிருந்து.

"மால்ட் அரைக்கறப்ப எந்தக் கோட்டுப் போடுவ?" என்று கேட்டான் ரதோவன்.

"நீலக் கோட்டு."

"தொட்டியறைக்குப் போறப்ப?"

அதே நீலக் கோட்டுதான். அரைத்துக்கொண்டிருக்கும்போதே மனசு கேட்காமல் நடுவில் விட்டுவிட்டு ஓடுவாள். தலை, புருவம், கைமடிப்பு எல்லாம் மாவாக. அந்தக் கோலத்திலேயே ஏணியில் ஏறி மூடியைத் தூக்கிக் குனிவாள். மால்ட் தூசியில் புளிப்புக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும் என்பது எங்கள் ஊரில் பீர் காய்ச்சுகிற யாருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். அவளும் அதை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"தொட்டியறையைப் பூட்டி சாவியை யார்கிட்டயாவது குடுத்துடு" என்றான் ரதோவன். "நாலு நாள் திறக்காத. உன் கையில சாவி இருந்தா நீ திறப்ப."

"திறப்பேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

மீதிப் பாதி பீரை அவள் எப்படிக் குடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. குழாயா என்று போனில் கேட்டபோது மறுமுனையில் விழுந்த அந்த மௌனம்தான் காதில் இருந்தது. மூணு தடவை கழுவினேன் என்றானே. வெடித்த கையால், சோடாத் தண்ணீரில், மூணு தடவை. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. அதற்குள் மிலுஷேயோடு வியர்த்து விறுவிறுத்து லூமிர் வந்து சேர்ந்தான். ரதோவன் கேனை நிரப்பி, தன் பட்டறை மூடி ஒன்றை மேலே சும்மா வைத்துவிட்டு, லூமிரின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினான்.

"தொட்ட, கையை உடைப்பேன்."

"தொடமாட்டேன் சாமி. ஒழுகினா கண்ணை மூடிக்கறேன்."

திரும்பும் வழியில் காளானுக்கு யாரும் நிற்கவில்லை. லூமிரின் முதுகில் மிலுஷே ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஹெத்விகா இந்தத் தடவை முன்னால் ஓடவில்லை. இழுவண்டிக்குப் பக்கத்திலேயே ஓட்டினாள். சீக்கிரம் போக வேண்டும் என்று கால் பறந்தது. போனதும் சொல்ல வேண்டியதை நினைத்தால் வழி இன்னும் நீளமாக இருக்கக்கூடாதா என்றிருந்தது.

லிஷ்னாவுக்குள் நுழைந்தபோது மணி மூன்று ஐம்பது. சாறு ஆறித் தொட்டிக்குப் போயிருந்தது. செனெக் கொட்டகை வாசலில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. கேன் மூடியில் க்ராஸ்னா அடையாளம் இருப்பதைப் பார்த்தான், அதையும் கேட்கவில்லை. ஹெத்விகா நீலக் கோட்டை எடுத்து வெளியே முள்வேலி மேல் எறிந்தாள். முகத்தையும், முழங்கை வரை கையையும் தேய்த்துக் கழுவினாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய சுத்தமான சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் ஈஸ்டை ஊற்றி, மூடியைப் போட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினாள். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"இந்தா. புதன்கிழமை வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத. அழுதாலும் குடுக்காத."

அவன் சாவியை வாங்காமல் அவளைப் பார்த்தான்.

"குழாய் இல்லை, செனெக்" என்றாள். "ரெண்டு தடவையும் நான்தான். மால்ட் அரைச்ச கோட்டோட போய்ப் போய் மூடியைத் தூக்கினேன். நானே கெடுத்துட்டு, பழியை உன் மேல போட்டேன்."

செனெக் குழாயின் கடைசிச் சுற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அந்த ஏணி கிறீச்சுனு சத்தம் போடும். அண்டாகிட்ட நின்னா கேக்கும். ஒரு நாளைக்கு இருபது தரம்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். "தெரிஞ்சுமா ரெண்டு மாசமா அந்தச் சனியனைக் கழுவிட்டிருந்த? கை இப்படி வெடிச்சு ரத்தம் வர்ற வரைக்கும்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

செனெக் சாவியை அவள் கையிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"குழாயா இருந்துட்டா நல்லா இருக்குமேன்னு பார்த்தேன்" என்றான். "குழாய்னா வேற மாத்திக்கலாம்."